மாவுக்கடைக்கு ஐந்து லட்சம்: வேலூரில் எந்தக் கடன் எதற்குப் பொருந்தும்?

வேலூரில் கடன் கொடுக்க ஆளில்லை என்று யாரும் குறைப்பட முடியாது. லாங்கு பஜாருக்குள் ஒரு நடை போய் வந்தால் போதும். அடகுக் கடை, நகைக் கடன் நிறுவனம், ஏலச்சீட்டு அலுவலகம், "பத்தே நிமிடத்தில் பணம்" என்ற பிளக்ஸ், கடை கடையாக நின்று அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகும் தண்டல்காரர் என்று எல்லாரையும் பார்த்துவிடலாம். தட்டுப்பாடு பணத்துக்கு இல்லை. இந்தத் தொழிலுக்கு இந்தக் கடன் என்று பொருத்திப் பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

"எங்க வட்டி கம்மி?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. போட்ட பணம் எத்தனை நாளில் திரும்பிக் கைக்கு வரும் என்பதுதான் முதல் கேள்வி. சிஎம்சி மருத்துவமனை பக்கம் காலையில் டிபன் விற்பவருக்கு மதியத்துக்குள் வந்துவிடும். பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ ஷூ கம்பெனிக்கு ஜாப் வொர்க் தைத்துக் கொடுப்பவருக்கு அறுபது நாள், தொண்ணூறு நாள் ஆகும். குடியாத்தத்தில் லுங்கி நெய்யத் தறி வாங்குகிறவருக்குத் தறியின் விலையை எடுக்கவே சில வருஷங்கள் வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே கடனைக் காட்டினால் இரண்டு பேர் மாட்டிக்கொள்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். காட்பாடியில் ஒரு பெண்மணி இட்லி, தோசை மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்க நினைக்கிறார் என்று வையுங்கள். டில்டிங் கிரைண்டர் இரண்டு, பெரிய ஃப்ரிட்ஜ், பாக்கெட் சீல் போடும் மெஷின், மூன்று ஃபேஸ் கரண்ட் வேலை, கடை அட்வான்ஸ், முதல் இரண்டு மாத அரிசி உளுந்து எல்லாம் சேர்த்து ஐந்து லட்சம். விலை கடைக்குக் கடை மாறும். ஆனால் இந்த ஐந்து லட்சம் ஒரே மாதிரிப் பணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிரைண்டர் ஏழெட்டு வருஷம் ஓடும், உளுந்து நாலு நாளில் காசாகிவிடும், கடை அட்வான்ஸ் கடையைக் காலி செய்யும்வரை முடங்கிக் கிடக்கும். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தண்டலும் வட்டிக்கு விடுபவரும்

தண்டலில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. காலையில் கேட்டால் சாயங்காலம் பணம் கையில் இருக்கும். ஆதார் நகல்கூடச் சில பேர் கேட்பதில்லை, கடை இருக்கும் இடம் தெரிந்தால் போதும். நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை எடுத்து இருட்டுவதற்குள் விற்று முடிக்கும் வியாபாரிகள் பல பேர் இதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

விலை என்ன என்று பார்ப்போம். பத்தாயிரம் கேட்டால் ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார் என்று வையுங்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, பதினைந்து சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 முழுசாக உங்களிடம் இருந்தது முதல் நாள் மட்டும்தான். ஐம்பதாவது நாளில் பாதிக்கும் மேல் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். நாள்தோறும் குறையும் பாக்கியை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடுகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பத்து வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். ஆயிரம் மட்டும் பிடித்து ஒன்பதாயிரம் கொடுத்தாலும் 75 சதவீதத்துக்கு மேல்தான்.

தெரிந்தவரிடம் "ரெண்டு வட்டி" என்று வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். மூன்று வட்டி என்றால் 36. இங்கே சிக்கல் வட்டியைவிட அசலில்தான். மாதாமாதம் வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கும், அசல் அப்படியே நிற்கும். மாவு விற்று மிச்சம் பிடிக்கும் ரூபாய் சின்னச் சின்னதாகத்தான் சேரும். அசலை மொத்தமாக எடுத்துக் கொடுக்கும் நாள் எப்போது வரும்? பத்திரம் எழுதாமல் வெற்றுக் காசோலையும் கையெழுத்துப் போட்ட வெற்றுப் பாண்டு பேப்பரும் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் 2003-லேயே அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் வந்துவிட்டது. தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது அந்தச் சட்டம். மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் வரை அபராதம். சட்டம் இருந்தும் மார்க்கெட்டில் தண்டல் ஓடுவதற்குக் காரணம், காலை ஐந்து மணிக்குப் பத்தாயிரம் தரும் வங்கி எதுவும் இல்லை என்பதுதான். தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரிகளுக்காக 2020-ல் வந்த பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் அடைக்கப் பார்க்கிறது. பிணை இல்லாமல் சிறிய தொகை தருவார்கள், ஒழுங்காகக் கட்டினால் அடுத்த முறை பெரிய தொகை கிடைக்கும், வட்டியில் 7 சதவீதம் மானியமாகக் கணக்கில் திரும்பி வரும். வியாபாரி அடையாள அட்டையோ மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். தண்டலில் ஓடுகிற காய்க்கடைக்காரர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நம் மாவுக்கடைக்கு வருவோம். கிரைண்டர் வாங்கத் தண்டலை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. நூறு நாளில் கிரைண்டர் தன் விலையைச் சம்பாதித்துத் தராது.

நகையை வைப்பது

வேகத்தில் தண்டலுக்கு அடுத்தது நகைக் கடன், வட்டியில் வங்கிக் கடனுக்குப் பக்கத்தில். வீட்டில் நகை இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான கதவு கிடையாது.

வங்கியில் மதிப்பீட்டாளர் உட்கார்ந்திருக்கும் மேஜையைப் பார்த்திருப்பீர்கள். உரைகல்லில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு சொட்டு அமிலம், அப்புறம் தராசு. அட்டிகையில் கல் பதித்திருந்தால் கல்லுக்கு எடை கழிப்பார். வளையலுக்குள் அரக்கு இருந்தால் அதற்கும் கழிவு. தாலிச் சரட்டில் நூல் போனால் அதையும் விட மாட்டார். வீட்டில் ஐந்து பவுன் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அங்கே நாலேகாலாகக் குறைவது சாதாரணம். கணக்கைத் தங்கத்தின் நிகர எடையில் போட வேண்டும், பவுன் என்று வாயால் சொல்வதில் போடக் கூடாது.

எவ்வளவு கிடைக்கும்? சொந்தத் தேவைக்கான நகைக் கடனில், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு இது: இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை 80, அதற்கும் மேல் போனால் 75. மொத்தமாக ஒரே தவணையில் அடைக்கும் கடன் என்றால் முடிவில் கட்ட வேண்டிய வட்டியையும் சேர்த்துத்தான் இந்த வரம்பு பார்க்கப்படும். அதனால் கைக்கு வருவது இன்னும் கொஞ்சம் குறையும். தொழிலுக்கு என்று எழுதிக் கேட்டால் வரவு செலவு விவரமும் கேட்கலாம். கடனை அடைத்தபின் நகையைத் திருப்பித் தர அதிகபட்சம் ஏழு வேலை நாள். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

தனியார் நகைக் கடன் நிறுவனத்தில் "கிராமுக்கு அதிகம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓட வேண்டாம். ஒரே நிறுவனத்திலேயே கிராமுக்கு அதிகம் தரும் திட்டத்துக்கு வட்டியும் அதிகம் இருக்கும். இரண்டு மாதம் வட்டி கட்டத் தவறினால் விகிதம் அடுத்த படிக்கு ஏறும் திட்டங்களும் உண்டு. வங்கி, கூட்டுறவு வங்கி, தனியார் என்று மூன்று இடத்திலும் விசாரித்துவிட்டு வைப்பதில் அரை நாள்தான் செலவாகும்.

எதற்கு இது பொருந்தும் என்றால், குறுகிய காலத்தில் திரும்பும் பணத்துக்கு. மாவுக்கடையின் அரிசி உளுந்து, கடை அட்வான்ஸ் போல வங்கியிடம் கொட்டேஷன் காட்ட முடியாத செலவு, அரசுத் திட்டத்தில் கையிலிருந்து போட வேண்டிய பங்கு ஆகியவற்றுக்கு. கிரைண்டரையும் நகையிலேயே வாங்கினால் என்ன ஆகும்? ஒரு வருஷத்தில் முழுசாக மீட்க முடியாது. வட்டியைக் கட்டி மறுபடி வைப்பீர்கள். மூன்றாவது வருஷம் வீட்டில் ஒரு கல்யாணம் வரும், நகை வங்கியில் இருக்கும். அப்போது வீட்டில் நடக்கும் பேச்சுக்கு எந்த வட்டி விகிதத்தையும் ஈடாகச் சொல்ல முடியாது. நகை பெரும்பாலும் மனைவியுடையது, தொழில் கணவனுடையது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனைவியைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

குழுவில் வாங்குவது

இரண்டு வகைக் குழுக்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழு என்பது சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துப் பழகி, அப்புறம் வங்கி இணைப்புக் கடன் வாங்குவது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுவுக்கு மூன்று லட்சம் வரை 7 சதவீத வட்டி. இதைவிட மலிவான பணம் வேலூரில் கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்த மூன்று லட்சம் குழுவுக்கு. பன்னிரண்டு பேர் சமமாகப் பிரித்தால் தலைக்கு 25,000. ஒரு கிரைண்டருக்கே தடுமாறும். குழுவில் மற்றவர்களுக்கு உடனடித் தேவை இல்லாமல், ஒருவருக்குப் பெரும்பங்கு தர எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் தொழிலுக்கு உதவும்.

மற்றது நுண்கடன் நிறுவனத்தின் குழு. தெருவில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்தால் போதும், காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் கூட்டம், வாராவாரம் அல்லது மாதாமாதம் டியூ. குடும்ப ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பிணை இல்லாமல் தரும் கடன் இது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022-லிருந்து ரிசர்வ் வங்கி விதி. இதில் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வட்டி வங்கியைப்போல இரு மடங்குகூட ஆகலாம். தினமும் காசு புரளும் மாவுக்கடைக்கு வார டியூ கட்டுவது சிரமமில்லை. சிரமம் பக்கத்து வீட்டு அக்கா கட்டாத வாரம்தான். "அவங்க கட்டுற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று உட்கார வைக்கும் ஊழியர்களும் இருக்கிறார்கள். அப்படி மிரட்டி வசூலிப்பது விதிக்கு விரோதம், புகார் கொடுக்கலாம்.

முத்ரா: பிணை இல்லை, ஆனால் கேள்வி உண்டு

முத்ரா என்பது சிறுதொழிலுக்காக 2015 ஏப்ரல் 8-ல் தொடங்கிய மத்திய அரசின் கடன் திட்டம். ஐம்பதாயிரம் வரை சிசு, அதற்கு மேல் ஐந்து லட்சம் வரை கிஷோர், பத்து லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024-லிருந்து இருபது லட்சம் வரை தருண் பிளஸ். முத்ரா என்ற அலுவலகம் போய்ப் பணம் வாங்க முடியாது, உங்கள் ஊர் வங்கிக் கிளைதான் தரும். இதில் மானியமும் கிடையாது. இந்த இரண்டும் தெரியாததால்தான் "முத்ரா வாங்கித் தரேன், அஞ்சு பர்சன்ட் கமிஷன்" என்று வருகிறவர்களின் பிழைப்பு ஓடுகிறது. முத்ராவுக்கு ஏஜென்ட் என்று யாரும் இல்லை.

சிறு, குறு தொழிலுக்கு இருபது லட்சம் வரை (2026 ஏப்ரலுக்கு முன் பத்து லட்சம்) வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. பிணை கேட்க மாட்டார்களே தவிர, கேள்வி கேட்பார்கள். கிளை மேலாளர் முன்னால் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"மாசம் எவ்ளோ வியாபாரம் ஆகும்மா?"

"நல்லா ஆகும் சார்."

"நல்லான்னா எவ்ளோ?"

"அது... ஆகும் சார், நம்ம ஏரியாவுல டிமாண்டு இருக்கு."

இந்த ஃபைல் அடுக்கின் அடிக்குப் போய்விடும். அதே பெண்மணி, "தினம் 60 கிலோ மாவு, கிலோ இவ்வளவு, அரிசி உளுந்து கரண்டு கவர் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு, சுத்தி இருக்கிற பதினஞ்சு மளிகைக் கடையில பேசி வச்சிருக்கேன்" என்று சொன்னால் மேலாளர் நிமிர்ந்து உட்காருவார். ஆடிட்டர் அச்சடித்துத் தரும் இருபது பக்க புராஜெக்ட் ரிப்போர்ட்டை அவர் தினமும் பார்க்கிறார். அதில் உள்ள எண்களை நீங்களே வாயால் சொல்கிறீர்களா என்பதைத்தான் கவனிப்பார்.

கையில் இருக்க வேண்டியவை: உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு (ஆதார், பான் இருந்தால் இணையத்தில் இலவசம், காசு கேட்கும் தளங்கள் போலி), மெஷின் கொட்டேஷன், கடை வாடகை ஒப்பந்தம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் ஆட்கள் தவற விடுகிறார்கள். வீட்டிலேயே சின்ன கிரைண்டரில் அரைத்து விற்றுக்கொண்டிருப்பவர் ஜிபே பணத்தை மகன் கணக்கில் வாங்கிக்கொண்டிருப்பார். கியூஆர் அட்டையை உங்கள் பெயரில் உள்ள கணக்கோடு இணைத்து ஆறு மாதம் ஓட்டினாலே வியாபாரம் நடக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையையும் முன்னதாகப் பார்த்துவிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். மச்சானின் பைக் லோனுக்கு ஜாமீன் போட்டு அவர் கட்டாமல் விட்டது அதில் உட்கார்ந்திருக்கும்.

மானியத் திட்டங்கள்

மாவுக்கடை போன்ற புதுத் தொழிலுக்கு என் கணக்கில் முதலிடம் பிஎம்இஜிபி என்னும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு. உற்பத்தித் தொழிலுக்கு ஐம்பது லட்சம், சேவைத் தொழிலுக்கு இருபது லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். மானியம் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத் திறனாளிகள், திருநங்கையர் போன்றோருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. இவர்கள் கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், மற்றவர்கள் 10. விண்ணப்பம் இணையத்தில்தான். மாவட்டத் தொழில் மையம், கதர் கிராமத் தொழில் வாரியம் வழியாக வங்கிக்குப் போகும்.

நகரமா கிராமமா என்பதில் வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாம் இப்போது மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்டன. அங்கே கடை போட்டால் நம் பெண்மணிக்கு 25 சதவீதம். நாலைந்து கிலோமீட்டர் தள்ளிக் கரிகிரி பக்கம் ஊராட்சி எல்லைக்குள் அரைக்கும் இடத்தை வைத்தால் 35. ஐந்து லட்சத்துக்கு வித்தியாசம் ஐம்பதாயிரம், வாடகையும் குறையும். மாவு எப்படியும் வண்டியில்தான் மளிகைக் கடைகளுக்குப் போகப் போகிறது. கடை வாசலில் ஆள் வந்து வாங்க வேண்டிய தொழில் என்றால் இந்தக் கணக்கு பலிக்காது.

இனி எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஐந்து லட்சத்தில் கையிலிருந்து 25,000 போட்டு, பாக்கி 4,75,000 வங்கிக் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்கிறேன். முத்ராவில் மாதத் தவணை சுமார் 10,330. பிஎம்இஜிபியில் ஊராட்சிப் பகுதியில் 1,75,000 மானியம் போக மூன்று லட்சத்துக்கு 6,520. மாநகராட்சிக்குள் என்றால் மூன்றரை லட்சத்துக்கு 7,610. முத்ராவுக்கும் ஊராட்சிக் கணக்குக்கும் மாதம் 3,800 ரூபாய் வித்தியாசம். ஒரு ஆள் பகுதி நேரம் பாக்கெட் போட்டுத் தரும் கூலி அது.

ஆனால் மானியம் கையில் வரும் காசு இல்லை. உங்கள் பெயரில் வங்கியிலேயே மூன்று வருஷம் வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள், அதற்கு உங்களுக்கும் வட்டி கிடையாது. மூன்று வருஷம் தொழில் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். இடையில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும், முழுக் கடனும் உங்கள் தலையில். தவணையை எந்தத் தொகைக்குப் போடுகிறார்கள் என்று மேலாளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது புதிய தொழிலுக்கு மட்டும். அவசரப்பட்டு நகையை வைத்துக் கடையைத் திறந்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். கணவன் மனைவியில் ஒருவருக்குத்தான். வேறு அரசு மானியம் ஏற்கெனவே வாங்கிய தொழிலுக்கும் கிடையாது. பீடி, புகையிலைத் தொழிலுக்கு அறவே இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி ஏஜென்சி நடத்துகிறவர்கள் இதற்கு அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதன் பெரிய குறை காலம். விண்ணப்பம், பரிசீலனை, வங்கி ஒப்புதல், தொழில் முனைவோர் பயிற்சி, பணம் விடுவிப்பு என்று மாதக் கணக்கில் இழுக்கும். மெஷின் பணம் உங்கள் கைக்கு வராது, விற்பவர் கணக்குக்கு நேரடியாகப் போகும். ஆடி மாதம் விண்ணப்பித்துவிட்டுத் தீபாவளிக்குக் கடை திறக்கிறேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பொறுக்க முடியாதவருக்கு முத்ராதான்.

மாநில அரசின் திட்டங்களையும் ஒரு வரி பார்த்துவிடலாம். எட்டாம் வகுப்பு படித்த வேலையில்லா இளைஞர்களுக்கு 25 சதவீத மானியத்தோடு யுஒய்இஜிபி என்ற திட்டம் இருக்கிறது, வியாபாரக் கடைக்கும் தருவார்கள். பெரிய அளவில் தொடங்கும் முதல் தலைமுறைத் தொழில் முனைவோருக்கு நீட்ஸ் திட்டம், 25 சதவீத மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகை. பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இவை எல்லாவற்றையும்விடத் தாராளம்: 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. தகுதி உள்ளவர்கள் வேறு எதையும் பார்க்காமல் இதை முதலில் கேளுங்கள். கரிகிரி மண்பாண்டக் கலைஞர்கள் போன்றோருக்குக் கலைஞர் கைவினைத் திட்டம், மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீதம் (அதிகபட்சம் ஐம்பதாயிரம்) மானியம், வயது 35 ஆகியிருக்க வேண்டும். சிறுபான்மையினருக்கு டாம்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ, இந்த இரண்டு அரசுக் கழகங்களும் குறைந்த வட்டியில் கூட்டுறவு வங்கிகள் வழியாகத் தருகின்றன. எல்லாவற்றுக்கும் விசாரிக்கக் காந்தி நகரில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு காலைப் பொழுது செலவழித்தால் போதும்.

ஏலச்சீட்டையும் கடன் வழியாகப் பலர் பார்க்கிறார்கள். ஒரு வருஷம் கழித்துத் தொழில் தொடங்கப் போகிறவருக்கு அது நல்ல சேமிப்பு. இப்போதே பணம் வேண்டுமென்று முதல் மாதங்களிலேயே தள்ளி எடுத்தால் தள்ளுபடி போக வருவது ரெண்டு வட்டிக்கு வாங்கியதற்குச் சமமாகிவிடும். 1982 சீட்டு நிதிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சீட்டா என்று பார்க்காமல் சேர வேண்டாம். அதிக வட்டி தருவதாகப் பணம் திரட்டிவிட்டு ஓடிய கதை காட்பாடிக்குப் புதிதல்ல.

ஜாப் வொர்க்காரர் கணக்கு வேறு

இதுவரை சொன்னது மெஷின் வாங்கும் கடன். ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வேலை செய்யும் சிறு யூனிட்களுக்கு மெஷின் இருக்கும், ஆள் இருக்கும், சனிக்கிழமை கூலி கொடுக்கத்தான் பணம் இருக்காது. தைத்துக் கொடுத்த பில் கம்பெனியில் நிற்கும். இவர்கள் முத்ராவில் தவணைக் கடன் வாங்கினால் தப்பு. அடுத்த மாதமே டியூ கட்ட வேண்டும், பில் பணமோ மூன்றாவது மாதம் வரும். இவர்கள் கேட்க வேண்டியது கேஷ் கிரெடிட் அல்லது ஓவர்டிராஃப்ட் வரம்பு. ஆண்டு விற்பனை மதிப்பீட்டில் 20 சதவீதம் வரை, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனமாக வங்கி தரலாம், 5 சதவீதம் உங்கள் பங்கு. ஆண்டுக்கு 24 லட்சம் பில் போடுகிறவருக்கு 4,80,000 வரம்பு. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. பில் பணம் வந்ததும் கணக்கில் போட்டுவிட்டால் வட்டி நின்றுவிடும்.

கடன் வாங்குவதற்கு முன்னால் வர வேண்டிய பாக்கியையும் பாருங்கள். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. "கம்பெனி மேல புகார் கொடுத்துட்டு அடுத்த ஆர்டரை எங்க போய் வாங்குறது?" என்று கேட்பார்கள், நியாயம்தான். புகார் வரை போக வேண்டாம். அந்தக் கெடு தாண்டிய பாக்கியை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று இப்போது விதி இருப்பதால், மார்ச் மாதத்தில் உத்யம் எண் அச்சிட்ட பில்லோடு கணக்குப் பிரிவில் போய் நின்றால் காரியம் நடக்கிறது.

கையெழுத்துப் போடும் முன்

எங்கே வாங்கினாலும் விகிதம் ஃபிளாட்டா (கடைசிவரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி), குறையும் பாக்கிக்கா என்று கேளுங்கள். ஒரு லட்சம், இரண்டு வருஷம், "12 சதவீதம் ஃபிளாட்" என்றால் மாதம் 5,167. குறையும் பாக்கிக் கணக்கில் அது 21.6 சதவீதம். தனியார் ஃபைனான்ஸ்காரரின் 12-ஐ வங்கியின் 12-ஓடு வைத்து ஒப்பிட்டு ஏமாறுவது இங்கேதான். முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். 2024 அக்டோபர் முதல் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் அது கட்டாயம். அதில் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதம் ஒரே எண்ணாக இருக்கும். இரண்டு இடத்துத் தாளையும் வாங்கி அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். கேட்காமலே காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனில் சேர்த்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

செயலி வழிக் கடனில் இன்னும் ஒன்று பார்க்க வேண்டும். கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனம் என்ற பெயர் தெரியாவிட்டால், தொடர்பு எண்களையும் படங்களையும் திறந்துவிடச் சொன்னால், அந்தச் செயலியை அங்கேயே நீக்கிவிடுங்கள்.

வியாபாரம் நன்றாகப் போனால் கடனைச் சீக்கிரம் அடைக்கத் தோன்றும். மாறும் வட்டியில் உள்ள சிறு, குறு தொழில் கடன் 2026 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதிக்கப்பட்டதாகவோ புதுப்பிக்கப்பட்டதாகவோ இருந்தால் வங்கிகள் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தில் உள்ளதைப் பாருங்கள். பிஎம்இஜிபி கடனை மட்டும் மூன்று வருஷத்துக்குள் அடைத்து மூட அவசரப்பட வேண்டாம், மானியத்தின் பூட்டுக் காலம் முடியட்டும். அடைத்தபின் பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபிலில் அந்தக் கணக்கு மூடப்பட்டதாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏறாவிட்டால் அடுத்த கடனுக்குப் போகும்போது பழைய கடனும் சேர்ந்தே கணக்கில் நிற்கும்.